நாற்காலி கிடைக்காதவர் எழுதிய ஜெமினி

பிரபலங்கள் கூடிய பார் பற்றிய நினைவுக் கட்டுரைக்கு ஓர் அச்சு இருக்கிறது. முதல் பத்தியில் இடத்தின் பெயரும் அது இப்போது இல்லை என்ற தகவலும் வரும். இரண்டாவது பத்தியில் ஒரு நடிகர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார். மூன்றாவது பத்தியில் எழுதுபவரின் தோளில் கை போடுவார். அப்புறம் ஓர் இசையமைப்பாளர், ஒரு பத்திரிகை ஆசிரியர், யாரோ அள்ளிக்கொடுத்த டிப்ஸ், ஒரு சண்டை, நள்ளிரவில் ஒரு சமாதானம். முடிவில் கட்டிடத்தை இடித்துவிடுவார்கள். நியூயார்க், பம்பாய், கல்கத்தா என்று ஊர் மாறலாம், அச்சு மாறாது.

எனக்கு இந்த வகைக் கட்டுரைகள் பிடிக்கும். ஒன்று கிடைத்தால் வேலையை ஓரமாக வைத்துவிட்டுப் படிப்பேன். ஆனால் படித்து முடித்ததும் எப்போதும் ஒரே கேள்விதான் வரும்: இதை எழுதியவர் அன்று ராத்திரி எப்படி வீட்டுக்குப் போனார்?

இது தாம்பரத்துக்காரனின் கேள்வி. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார ரயில் வந்தது. அன்றிலிருந்து இந்தப் பக்கத்து மனிதர்களின் நகர இரவு எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதைக் கடைசி வண்டிதான் தீர்மானித்து வந்திருக்கிறது. கச்சேரி, நாடகம், கல்யாண ரிசப்ஷன், பார்ட்டி எதுவானாலும் பாதியில் எழுந்து கிளம்புகிறவர்கள் பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் ஆட்கள்தான். கதையின் உச்சம் நாங்கள் போன பிறகு நடக்கும். மறுநாள் இன்னொருவர் வாயால் அதைக் கேட்போம். இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. வாசிப்பதற்கு இதுவும் ஓர் இடம். மேஜையில் கடைசி வரை உட்கார்ந்திருந்தவர் எழுதியதை, சீக்கிரம் கிளம்பியவர் வேறு மாதிரிதான் படிப்பார்.

சென்னைக்கு இப்படி ஒரு புகழ்பெற்ற பார் ஏன் அமையவில்லை என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. கருணாநிதி 1971-ல் அதைத் தளர்த்தினார், 1974-ல் மறுபடி கடைகளை மூடினார். எம்.ஜி.ஆர். ஆட்சி 1981-ல் மீண்டும் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது.

இந்த வரிசையில் 1948 முதல் 1971 வரையிலான 23 ஆண்டுகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். சென்னை ஸ்டுடியோக்கள் உச்சத்தில் இருந்த காலம் கிட்டத்தட்ட அதுவேதான். ஏவிஎம், விஜயா வாஹினி, ஜெமினி என்று பெயர்கள் கொடிகட்டிப் பறந்த ஆண்டுகளில், நடிகரும் கவிஞரும் ரசிகரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வெளிப்படையாகக் குடிக்கும் பொது இடம் இந்த நகரத்தில் இருக்க வழியில்லை. குடி பெர்மிட்டுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் இருந்தது. பொது இடம் காப்பிக்கு விடப்பட்டது. கதீட்ரல் சாலையில் 1962-ல் திறந்து 2008-ல் மூடிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் பற்றிப் படித்திருப்பீர்கள். கார் ஜன்னலில் தட்டை மாட்டிப் பரிமாறிய இடம். சினிமாக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் மணிக்கணக்கில் உட்கார்ந்த இடம். இன்று அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

இதனால் நம் நினைவு எழுத்து இரண்டாகப் பிளந்துவிட்டது என்று நினைக்கிறேன். காப்பி குடித்த கதைகளை வெளிச்சத்தில் வைத்து எழுதினோம். அவற்றில் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் ரவா தோசை சாப்பிடுகிறார்கள். மது குடித்த கதைகள் கிசுகிசுவாகப் போயின. அவற்றில் பெயர்கள் இருக்காது, 'அந்த நடிகை', 'அந்தப் பாடலாசிரியர்' மட்டும் இருப்பார்கள். கண்ணதாசன் போல தன் குடியை மறைக்காமல் பேசியவர்கள் சிலர்தான். இரண்டு வகையிலும் ஒரே ஆள் விடுபட்டுப் போகிறார். டம்ளரைக் கொண்டுவந்து வைத்தவர்.

இந்த இடைவெளியில் வைத்துத்தான் அசோகமித்திரனின் ஜெமினி நினைவுகளைப் படிக்க வேண்டும்.

அவற்றை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்ற அந்தப் புத்தகம் 2002-ல் வந்தது. அதில் ஒரு பகுதி மத்தியப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடமாக இருந்ததால், இலக்கியமே படிக்காத என் சக பொறியாளர்கள் பலருக்கும் 'போயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்' என்ற தலைப்பு தெரியும். தேர்வுக்குப் படித்ததால் அதில் இருக்கும் சிரிப்பு மட்டும் போய்ச் சேரவில்லை.

அப்பா இறந்த பிறகு 1952-ல் செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு வந்து எஸ்.எஸ். வாசனிடம் வேலைக்குச் சேர்ந்தவர் அசோகமித்திரன். சுமார் 14 ஆண்டுகள் அங்கே இருந்தார். அவர் நினைவில் ஜெமினி ஸ்டுடியோ கவிஞர்கள் விரும்பிக் கூடிய இடம். எஸ்.டி.எஸ். யோகியார், சங்கு சுப்ரமணியம், கிருஷ்ண சாஸ்திரி, ஹரீந்திரநாத் சட்டோபாத்யாய என்று நான்கு பெயர்களைச் சொல்கிறார். ஏன் கூடினார்கள் என்பதற்கு அவர் தரும் காரணம் கலையோ நட்போ இல்லை. ஸ்டுடியோ மெஸ்ஸில் பகல் முழுக்கவும் இரவில் பெரும்பகுதியும் நல்ல காப்பி கிடைத்தது. மதுவிலக்குக் காலத்தில் காப்பியோடு கூடிப் பேசுவதே போதுமான கேளிக்கையாக இருந்தது. அவ்வளவுதான். நகரத்தின் ஒரு முழுக் காலகட்டத்தை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுகிறார்.

என் துறையில், ராத்திரி ஒரு சர்வர் விழுந்துவிட்டால் முதலில் திறப்பது லாக் ஃபைலைத்தான். யார் என்ன உணர்ந்தார்கள் என்று கேட்பதெல்லாம் பிறகு. நினைவுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை உணர்ந்தவர்களின் சாட்சியங்கள். அசோகமித்திரனுடையது லாக் எழுதியவரின் சாட்சியம். அதற்கு அவருடைய வேலையும் ஒரு காரணம். அறையில் உட்கார்ந்து நாள் முழுக்கச் செய்தித்தாள்களைக் கிழித்துக் கோப்புகளில் சேர்க்கும் வேலை. பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா இருப்பதாகவே தோன்றும். அதனால் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து தங்கள் மனக்குறையைக் கொட்டிவிட்டுப் போவார்கள். மேஜையில் அவருக்கு இடமில்லை, ஆனால் எல்லோரும் அவரைக் கடந்துதான் மேஜைக்குப் போனார்கள்.

அப்படி நுழைகிறவர்களில் முக்கியமானவர் மேக்கப் பிரிவின் 'ஆபீஸ் பாய்'. பெயர்தான் பாய், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கூட்டக் காட்சிகளுக்கான சாயத்தைப் பெரிய பாத்திரத்தில் கலக்கி, வரிசையில் நிற்பவர்கள் முகத்தில் பூசிவிடுவது அவர் வேலை. நடிகனாகவோ இயக்குநராகவோ பாடலாசிரியராகவோ ஆகலாம் என்று பல வருஷங்களுக்கு முன் ஸ்டுடியோவுக்குள் வந்தவர். தன் வாழ்க்கை இப்படி ஆனதற்கெல்லாம் கொத்தமங்கலம் சுப்புதான் காரணம் என்று நம்புகிறவர். வழக்கமான நினைவுக் கட்டுரையாக இருந்தால் சுப்புவைப் பற்றி எழுதியிருப்பார்கள். 'ஔவையார்' படத்தை இயக்கியவர், 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியவர், ஜெமினியில் வாசனுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். அசோகமித்திரன் சுப்புவையும் எழுதுகிறார், அவருடைய திறமைக்கு உரிய மரியாதையோடு. ஆனால் சுப்புவை நாம் முதலில் பார்ப்பது அவர்மேல் கடுப்பில் இருக்கும் சாயம் பூசுகிறவரின் வழியாக. பிரபலம் என்றால் என்ன என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. நீங்கள் பெயர்கூட அறியாத ஒருவர், தன் தோல்விக்கு உங்களைக் காரணமாக வைத்துக்கொண்டிருப்பார்.

ஆங்கிலக் கவிஞர் ஸ்டுடியோவுக்கு வந்த கதை இதைவிட நல்லது. பெரிய வரவேற்பு நடக்கிறது. அவர் பேசும் உச்சரிப்பு யாருக்கும் புரியவில்லை. சாதாரண மக்களுக்குப் படம் எடுக்கும் இடத்துக்கு ஓர் ஆங்கிலக் கவிஞர் எதற்கு வந்தார் என்பதும் புரியவில்லை. வந்தவர் ஸ்டீபன் ஸ்பெண்டர் என்ற தகவல் அசோகமித்திரனுக்கு வெகுகாலம் கழித்துத்தான் கிடைக்கிறது. அவர் ஏன் அங்கே அழைக்கப்பட்டார் என்ற புதிர் அவிழ்வது அதற்கும் பிறகு, மவுண்ட் ரோடு நடைபாதையில் ஐம்பது பைசாவுக்கு வாங்கிய 'த காட் தட் ஃபெய்ல்ட்' தொகுப்பில் ஸ்பெண்டரின் கட்டுரையைப் பார்க்கும்போது. கம்யூனிசத்திலிருந்து விலகியவர்கள் எழுதிய நூல் அது. வாசனுக்கு அந்தக் கவிஞரின் கவிதையைவிட இந்த விலகல்தான் முக்கியமாக இருந்திருக்கும் என்று அப்போது புரிகிறது.

பார் கட்டுரையில் பிரபலத்தின் பெயர்தான் முதலில் வரும். அந்தப் பெயருக்காகத்தான் மற்றதைப் படிப்போம். இங்கே பெயர் கடைசியில் வருகிறது, அதுவும் நடைபாதையிலிருந்து. ஒரே கூடத்தில் நின்றிருந்தவருக்குத் தான் யாரைப் பார்த்தோம் என்பதே பல வருஷம் தெரியவில்லை. ஆனால் உண்மை அதுதானே? ஓரத்தில் நிற்பவனுக்கு நிகழ்ச்சி நடக்கும்போது எதுவும் விளங்காது. பிறகு செலவு செய்து, தேடி, தானாகவே விளங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு இணையாக ஆங்கிலத்தில் எனக்கு நினைவுக்கு வருவது ஜோசஃப் மிட்செல் 1940-ல் நியூயார்க்கர் இதழில் மெக்ஸார்லிஸ் என்ற பழைய மதுக்கடை பற்றி எழுதியது. அதில் நட்சத்திரங்கள் இல்லை. முதலாளியின் குடும்பம், தினமும் வரும் கிழவர்கள், பூனைகள். ஆனால் அந்தக் கடை 1970 வரை பெண்களை உள்ளே விடவில்லை. மிட்செல் அந்த இடத்தை நேசித்து எழுதினார், அதனால் கடையின் கதவு அவர் கட்டுரையிலும் பாதிதான் திறக்கிறது.

அசோகமித்திரனிடமும் இதே குறை உண்டு. கதை இலாகாவில் இருந்த ஒரு வழக்கறிஞரைப் பற்றி எழுதுகிறார். ஒரு நடிகை படப்பிடிப்பில் கோபத்தில் வெடித்துக் கத்துகிறாள். வழக்கறிஞர் அதை ஒலிப்பதிவு செய்து அவளுக்கே போட்டுக் காட்டுகிறார். தன் குரலைத் தானே கேட்டு அதிர்ந்துபோன அவள் அதிலிருந்து மீளவில்லை, அவளுடைய நடிப்பு வாழ்க்கை அங்கேயே முடிகிறது. இந்தச் சம்பவத்தை அவர் வழக்கறிஞரின் குணத்தைக் காட்டுவதற்காகச் சொல்கிறார். கதை இலாகா மூடப்பட்டு வழக்கறிஞருக்கும் வேலை போவதை ஒரு வேடிக்கையாக எழுத அவரால் முடிகிறது. நடிகையோடு அவர் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. அவள் எங்கே போனாள், யார் வீட்டில் இருந்தாள்? பெயரில்லாத சாயம் பூசுகிறவருக்குப் பல பத்திகள் கிடைக்கின்றன. பெயரில்லாத நடிகைக்கு ஒரு சம்பவம்தான். எல்லோரையும் ஒரே அளவுக்குச் சின்னதாக்கிவிடும் அந்தப் புன்னகை நியாயமானது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்கெனவே சின்னதாக இருப்பவர்களுக்கு அதில் கூடுதல் நஷ்டம்.

மெஸ் விஷயமும் அப்படித்தான். ராத்திரி பதினொரு மணிக்குக் கவிஞருக்குக் காப்பி கிடைக்கிறது என்றால், அந்த நேரத்தில் ஒருவர் அடுப்பின் முன் நிற்கிறார் என்று அர்த்தம். அந்த இரண்டு வாக்கியங்களில் அவர் இல்லை. ஆனால் இந்தக் கடனை அசோகமித்திரன் புனைவில் ஓரளவு தீர்த்திருக்கிறார். 'கரைந்த நிழல்கள்' சினிமா பற்றிய நாவல்தான். ஆனால் நட்சத்திரம் அதன் மையம் இல்லை. தயாரிப்பு நிர்வாகி, அவருடைய உதவியாட்கள், வண்டி ஏற்பாடு, சாப்பாட்டு ஏற்பாடு, வராத பணம் இவைதான் கதை. நினைவுக் குறிப்பில் சிரித்தவர் நாவலில் சிரிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஜெமினி முழுசாகக் கிடைக்கிறது.

வாசன் 1969-ல் இறந்தார். பக்கத்தில் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்து 1973-ல் திறந்தார்கள், ஊர் வாயில் அது இன்றும் ஜெமினி பாலம்தான். ஸ்டுடியோ போய்விட்டது. இருந்த மனையில் 'த பார்க்' ஓட்டல் 2002-ல் திறந்தது. அசோகமித்திரனின் புத்தகம் வந்த அதே வருஷம். மெஸ்ஸில் காப்பியோடு கவிஞர்கள் கூடிய நிலத்தில் லெதர் பார் என்றும் பாஷா என்றும் இரவிடங்கள் வந்தன. மதுவிலக்கு தள்ளிப்போட்ட பார் அரை நூற்றாண்டு கழித்து அதே முகவரிக்கு வந்து சேர்ந்தது. அங்கே போனவர்கள் இப்போது நாற்பதைத் தொட்டிருப்பார்கள். நான் முதலில் சொன்ன அச்சில் நினைவுகளை எழுதத் தொடங்கும் வயது.

அப்படி எழுதப்போகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு பிராஜெக்ட் முடிந்ததற்காக எங்கள் குழுவை நகரத்தின் வேறொரு நட்சத்திர ஓட்டல் பாருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மூலையில் ஒரு நடிகர் உட்கார்ந்திருந்தார். எங்கள் மேஜையில் பேச்சு நின்று, எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி வண்டிக்கு நேரமாகிறதென்று நான் வெளியே வந்தபோது, சர்வீஸ் வாசல் பக்கம் எங்களுக்குப் பரிமாறிய ஊழியர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க சார் போகணும்?"

"தாம்பரம்ணே."

"அட, நான் ஊரப்பாக்கம் சார். உங்களுக்கு வண்டி இருக்கு, கிளம்புங்க. எனக்குத்தான் இன்னிக்கு இல்ல."

ஏன் என்று கேட்டேன். மூலை மேஜையைக் கண்ணால் காட்டினார். "அவரு வந்தா ரெண்டு மணி ஆயிடும். லாக்கர் ரூம்லயே படுத்துட்டு விடிகாலை மொத வண்டிய புடிச்சிருவேன்."

"எப்படிப்பட்டவர்ணே அவரு?"

கொஞ்சம் யோசித்தார். "நல்லவரு கெட்டவருன்னெல்லாம் எங்களுக்குத் தெரியாது சார். சீக்கிரம் கிளம்புறவரு, லேட்டா கிளம்புறவரு. அவ்ளோதான் கணக்கு."

பிரபலங்களைப் பற்றிய விமர்சனத்தில் இத்தனை நேர்மையான அளவுகோலை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. இரண்டு மணி வரை ஒருவர் பேசியது எத்தனை அருமையாக இருந்தது என்று எழுத நூறு பேர் இருக்கிறார்கள். அந்த இரண்டு மணி ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் எப்படி விடிந்தது என்பது எழுதப்படாது. பாரின் மந்திரம் என்று நாம் சொல்வதில் கணிசமான பகுதி இன்னொருவரின் தூக்கம்.

அதற்காகப் பரிமாறியவரைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்று சொல்லவில்லை. அதுவும் சீக்கிரமே ஓர் அச்சாகிவிடும். நான் கேட்பது, எழுதுபவர் தன் நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எப்படிக் கிடைத்தது, பில்லை யார் கொடுத்தார், வெளியே வண்டி நின்றதா, வீட்டில் யார் விழித்திருந்தார்? அசோகமித்திரன் இதைச் சொல்லிவிடுகிறார். நான் செய்தித்தாள் கிழிப்பவன், என் அறை இப்படி இருந்தது, என்னைப் பற்றி இன்னின்னார் இப்படி நினைத்தார்கள். இவ்வளவையும் சொன்ன பிறகுதான் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறார். அந்தச் சிரிப்பு எங்கே தவறுகிறது என்று நம்மால் கண்டுபிடிக்க முடிவதும் அவர் தன் இடத்தை மறைக்காததால்தான். தோளில் கை போட்ட நடிகரைப் பற்றி எழுதுபவரிடம் நாம் எதையும் சரிபார்க்க முடியாது. அந்தக் கை ஒன்றுதான் சான்று.

இதில் நம் பக்கத்துக்கும் ஒரு நஷ்டம் இருக்கிறது. சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் பக்கத்திலிருந்து எழுத வரும் என் வயதுக்காரர்களும் அடுத்து வருகிறவர்களும், இலக்கிய வாழ்க்கை என்றால் நுங்கம்பாக்கத்திலோ தி.நகரிலோ நடந்து முடிந்த ஒன்று, நாம் கதவருகே நின்று கொஞ்சம் கேட்டோம் என்றே எழுதுகிறோம். நம் தெருமுனை டாஸ்மாக்கை ஒட்டிய தகரக் கூரை பாரிலும் ஆட்கள் கூடுகிறார்கள். பிளாஸ்டிக் டம்ளர், சுண்டல், தரையெல்லாம் தண்ணீர். அங்கே பிரபலம் யாரும் வருவதில்லை. 2017-ல் நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகள் தமிழ்நாடு முழுக்க மூடப்பட்டபோது ஒவ்வொரு கடையோடும் ஒரு கூட்டமும் அதன் பேச்சும் கலைந்தன. அதைப் பற்றிக் குடிக்கு எதிரான கட்டுரைகளும் வருமானக் கணக்குகளும் படித்தோம். கலைந்துபோன பேச்சைப் பற்றிப் படித்த ஞாபகம் எனக்கு இல்லை. அதை ஏக்கத்தோடு எழுத முடியாது, ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் பலருடைய வீடுகளுக்கு அது துயரம். துயரம் என்று மட்டும் எழுதி முடிக்கவும் முடியாது. ஜெமினியைப் பற்றி எழுதியதைப் போல, கிட்டே நின்று, தன் இடத்தைச் சொல்லி, சிரித்துக்கொண்டே எழுத வேண்டிய விஷயம் அது. அந்த நடிகைக்குக் கிடைக்காத ஒரு நிமிஷத்தை, காத்திருந்த வீட்டுக்காரிக்கும் கொடுத்து.

அசோகமித்திரன் தன் கடைசிக் காலத்தில் நம் தெற்குப் பக்கத்துக்கு, வேளச்சேரிக்கு வந்துவிட்டார். 2017 மார்ச்சில் அங்கேதான் இறந்தார். ஸ்டுடியோவை விட்டு அரை நூற்றாண்டு ஆன பிறகும் அவரைச் சந்திக்கப் போனவர்கள் ஜெமினியைப் பற்றித்தான் கேட்டார்கள். வாசன் எப்படி, சுப்பு எப்படி என்று. அடுத்த முறை அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போது அந்த மெஸ் வரும் இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். நான்கு கவிஞர்களின் பெயர் இருக்கும். காப்பி நன்றாக இருந்தது என்று இருக்கும். போட்டவர் எந்த வண்டியில் வீட்டுக்குப் போனார் என்று நாம்தான் கேட்க வேண்டும்.